அவர் பெயரில் போன திருத்தம்

ஒருவர் தன் அதிகாரம் முழுவதையும் பயன்படுத்தி ஒரு வேலையைத் தடுக்கிறார். தடுத்து முடித்த பிறகு அதே வேலையைத் தன் பெயர் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பி வைக்கிறார். ஏன்? குழந்தைவேலு அவர்களைப் பற்றி என்னிடம் மிச்சமிருக்கும் கேள்வி இது ஒன்றுதான். பதில் எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்தபோது அவரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை என்பது, அவரிடம் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

செய்தியை ரவீந்திரன்தான் தொலைபேசியில் சொன்னார். எங்கள் கணினிப் பிரிவில் இயந்திரங்களைக் கவனித்துக்கொண்ட அதே ரவீந்திரன்.

"மிஸ், குழந்தைவேலு சார் தவறிட்டாரு. நெஞ்சு வலின்னு படுத்தாராம், எழுந்திருக்கல. லோபாக் வீட்லதான் வச்சிருக்காங்க. மத்தியானம் எடுக்குறாங்க."

"சரி" என்றேன்.

"சரின்னா? வருவீங்கல்ல?"

"வருவேன்."

"அழுவுறீங்களா மிஸ்?"

"இல்ல."

"நானும் இல்ல லா. அதான் ஒரு மாதிரியா இருக்கு."

சிரம்பான் லோபாக்கில் அவர் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். தோட்டங்களிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். வேலை வாங்கிய பழைய மண்டோர்கள், கணக்கு எழுதி ஓய்வு பெற்ற கிராணிகள், அலுவலகத்தில் அவர் கையெழுத்துக்காகக் காத்து நின்றவர்கள். எடுப்பதற்கு முன் ஒருவர் எழுந்து பேசினார். ஒரு சாதாரணத் தோட்டத்துக் கிராணியாகத் தொடங்கி, உலகமெங்கும் கணினிக்காரர்கள் பயன்படுத்தும் கம்பைலரையே திருத்திக் கொடுத்த தமிழர் என்றார். கம்பைலர் தப்புக் கண்டுபிடித்தால் அது எங்கே என்று சொல்லும்படி செய்தவர் இவர்தான் என்றார். கூட்டத்தில் தலைகள் ஆடின. ரவீந்திரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பும்போது, பழைய ஊழியர்கள் சேர்ந்து கொண்டுவரப்போகும் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று ரவீந்திரன் கேட்டார்.

"நல்லதா எழுதுங்க மிஸ். செத்தவரு."

"நடந்தத எழுதுறேன்."

"அதான் பயமா இருக்கு" என்றார்.

அவரை நான் முதலில் பார்த்தது எழுபதுகளில். கோலாலம்பூரில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். நிரந்தர வேலைக்குக் காத்திருந்த சில மாதங்கள், கெமாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. என் அப்பாவுக்குச் சிரம்பான் தெமியாங்கில் மளிகைக் கடை. தோட்டம் என்றால் எனக்கு அதுவரை கடைக்குச் சரக்கு வாங்க வருகிறவர்கள் மட்டும்தான். விடியற்காலைப் பெரட்டை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். தொழிலாளர்கள் வரிசையாக நிற்பார்கள். கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் வேலைக்குப் போகலாம். 'பேர் இல்லை' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை.

அந்தத் தோட்டத்தின் கிராணி குழந்தைவேலு. இளைஞர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அன்று வாளிகளோடு வந்து நின்ற ஒரு பெண்ணை ஏறிட்டுப் பார்த்து, "பேர் இல்ல, போ" என்றார்.

"ஐயா, என்ன தப்புன்னு சொல்லுங்கய்யா."

"உனக்கே தெரியும். யோசி."

அவள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குத் திரும்பினாள். மறுநாள் அவள் பெயர் கூப்பிடப்பட்டது. என்ன தப்பு என்று அவளுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. எனக்குத் தாங்கவில்லை. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

"சொன்னா அந்த ஒண்ண மட்டும்தான் திருத்துவா டீச்சர். சொல்லலன்னா எல்லாத்தையும் திருத்துவா."

ஒரு நாள் முழுக்க அதைப் புத்திசாலித்தனமான பதில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பெண்ணைக் கவனித்தேன். அவள் எதையும் திருத்திக்கொண்டதாகத் தெரியவில்லை. அவரைக் கண்டால் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள், அவ்வளவுதான்.

பல ஆண்டுகள் கழித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அதே தோட்டங்களை நடத்திய நிறுவனத்தின் சிரம்பான் அலுவலகத்தில் நான் நிரல் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். கணினிப் பிரிவின் தலைவர் அறைக்குள் போனால் அங்கே குழந்தைவேலு உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. சட்டையில் இன்னும் சுருக்கம் இல்லை.

அவருக்குச் சேர வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியை அவர் தானாகவே கற்றார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தடித்த ஆங்கிலக் கையேடுகளை அகராதி வைத்துப் படித்தார். யாரிடமும் ஒரு வெள்ளிகூட லஞ்சம் வாங்கியதில்லை. இயந்திரங்களின் தூசியைத் தானே துடைப்பார். ரவீந்திரனைக்கூட நம்ப மாட்டார். இவ்வளவும் உண்மை. இவற்றில் எதுவும் அவரைப் பக்கத்தில் இருக்கத் தகுந்த மனிதராக ஆக்கவில்லை.

எனக்கு அவர் வைத்த பெயர் 'யூனிவர்சிட்டி'. நான் அறைக்குள் நுழைந்தால், "யூனிவர்சிட்டி வந்தாச்சு, ஃபேன நிறுத்துங்க, காத்து தானா வரும்" என்பார். எல்லோரும் சிரிக்க வேண்டும். சிரிக்காதவரை நினைவில் வைத்துக்கொள்வார். ஒரு மதியம் வாசல் பக்கம் யாருக்கோ என்னை அறிமுகப்படுத்தினார்: "இவங்க தெமியாங் கடைக்காரர் மக. புளிய நிறுத்துப் போட்ட வீட்டுல பிறந்து, நமக்குக் கணக்கு சொல்லிக் குடுக்க வந்திருக்காங்க." நான் சிரிக்கவில்லை.

இனி கம்பைலர். கணினி பற்றித் தெரியாத நண்பர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். நிரலில் தப்பு இருந்தால் மாற்ற மறுத்துவிட்டு, என்ன தப்பு, எந்த வரி என்று சொல்ல வேண்டியதும் அதன் வேலை. நாங்கள் பயன்படுத்தியது கடையில் வாங்கியது இல்லை. வெளிநாட்டில் சிலர் எழுதி, அது எப்படி எழுதப்பட்டதோ அந்த மூலத்தையும் சேர்த்து, யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுத்தது. படித்துவிட்டுத் திரும்பிய யாரோ டிஸ்கெட்டுகளில் கொண்டுவந்தார்கள். அந்த மாதிரிப் பொருளுக்கு இப்போது தனிப்பெயர் இருக்கிறது. அப்போது நாங்கள் 'சும்மா வந்த கம்பைலர்' என்றுதான் சொன்னோம்.

அதில் ஒரு குறை இருந்தது. ஒரு தப்பைக் கண்டதும் வழி தவறிவிடும். அதற்குப் பிறகு வரும் சரியான வரிகளையும் தப்பு என்று சொல்லும். ஓர் இடத்தில் ஒரு குறி விட்டுப்போனால் திரை முழுக்க ஆங்கிலத்தில் குற்றச்சாட்டு ஓடும். அவற்றில் முதலாவது மட்டுமே உண்மையாக இருக்கும். சில நேரம் அதுவும் இருக்காது. இந்தக் குறைக்குக் குழந்தைவேலு கண்ட தீர்வு அவருக்கே உரியது. எல்லாச் செய்திகளையும் வெட்டி எறிந்தார். வரி எண்ணையும் வெட்டினார். என்ன தப்பு செய்தாலும், எங்கே செய்தாலும், திரையில் ஒரே ஒரு வரிதான் வரும். ஆங்கில எழுத்தில் தமிழ்: 'பேர் இல்லை'.

"கம்ப்யூட்டரும் பெரட்டுக்கு வந்துருச்சு லா" என்றார் ரவீந்திரன். குழந்தைவேலு முன்னிலையில் சொல்லவில்லை.

எங்களைப் போன்றவர்கள் எப்படியோ சமாளித்தோம். துன்பப்பட்டது பயிற்சிக்கு வந்தவர்கள். பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் முடித்த தோட்டத்துப் பிள்ளைகளில் சிலரைத் தேர்ந்தெடுத்து அலுவலகத்திலேயே நிரல் எழுதப் பழக்கினோம். பயிற்சியின் முடிவில் ஒரு தேர்வு. நண்பகலுக்குள் நிரலை எழுதி ஓட்டிக் காட்டியவருக்கு அலுவலகத்தில் நிரந்தர வேலை. முடியாதவர் திரும்பிப் போக வேண்டியதுதான். இப்படி ஒரு வாய்ப்பைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்ததே குழந்தைவேலுதான் என்று சிலர் சொல்வார்கள். உண்மை. வாங்கிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று மறித்ததும் அவர்தான்.

பயிற்சியின் முதல் நாளே ஒரு விதி சொன்னார். "பால் ஸ்டோர்ல உன் வாளிய இன்னொருத்தன் தூக்கிட்டு வந்தா உன் கணக்குல எழுத மாட்டோம். இங்கயும் அப்படித்தான். இன்னொருத்தன் கை பட்டா அது உன் வேலை இல்ல." பிள்ளைகள் தலையாட்டினார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த விதி புதிதில்லை.

அந்த வகுப்பில் சரோஜா இருந்தாள். கெமாஸ் பக்கத்துத் தோட்டம். தந்தை இல்லை, அம்மா களை வெட்டுக்குப் போகிறவர். பயிற்சிக் காலத்தில் தெமியாங்கில் அத்தை வீட்டில் தங்கி வந்து போனாள். வேலை கிடைக்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அம்மாவோடு களை வெட்டுக்கு வர வேண்டும் என்று வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. வகுப்பில் அவளுக்குத்தான் கணக்கு வேகமாக ஓடும். கை அவசரம் உண்டு. ஒரு குறியை விடுவாள், பிறகு அதைத் தேடி அரை நாள் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் 'பேர் இல்லை'யைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மிஸ், களை வெட்டு எனக்குத் தெரியும். அதுல புல்லு எங்க இருக்குன்னாவது கண்ணுக்குத் தெரியும் லா."

இதை மாற்ற வேண்டும் என்று அன்றுதான் நான் முடிவு செய்தேன். அவர் வெட்டி எறிந்த பழைய செய்திகளை, மூலத்திலிருந்து எடுத்து ஓர் இயந்திரத்தில் மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சரோஜா ஒரு நிரலைக் கொடுத்தாள். திரை நிறைந்து, வழிந்து, மேலே ஓடிக்கொண்டே இருந்தது.

"மிஸ், சார் ஒரு தடவதான் திட்டுவாரு. இது நிறுத்தவே மாட்டேங்குது!"

அவள் சொன்னது சரி. அவர் செய்தது கொடுமை. ஆனால் அவர் வெட்டியது நல்ல பொருளும் இல்லை. ஆகவே, என் வேலை பழைய செய்திகளைத் திரும்பக் கொண்டுவருவது இல்லை, கம்பைலரைப் பொய் சொல்லாமல் இருக்கப் பழக்குவது. மதிய உணவு நேரங்களில் அதைச் செய்தேன். ஒரு தப்பைக் கண்டால், அந்த வாக்கியம் முடியும் இடம் வரை சத்தமில்லாமல் தாண்டிப்போய், அடுத்த வாக்கியத்தில் புதிதாகத் தொடங்க வேண்டும். அப்போதுதான் ஒரு தப்பு பத்துத் தப்பாகப் பெருகாது. இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். ஏதாவது ஒன்று திறந்து மூடப்படாமல் போனால், பழைய கம்பைலர் நிரலின் கடைசி வரிக்குப் போன பிறகுதான் விழித்துக்கொண்டு, கடைசி வரியில் தப்பு என்று சொல்லும். திறந்த இடத்தை அது மறந்திருக்கும். திறந்த இடத்தை நினைவில் வைத்து அந்த வரியைச் சொல்லும்படி மாற்றினேன். செய்திகளை எல்லோருக்கும் புரியும் எளிய மலாயில் எழுதினேன்.

சோதனை பார்த்தது பயிற்சிப் பிள்ளைகளும் ரவீந்திரனும். வேண்டுமென்றே தப்புச் செய்து கம்பைலரை ஏமாற்ற வேண்டும் என்பது போட்டி. அதில் ரவீந்திரனை மிஞ்ச ஆளில்லை.

"எப்படி அண்ணே இப்படித் தப்பு பண்றீங்க?" என்று சரோஜா கேட்டாள்.

"எல்லாம் இருபது வருஷ சர்வீஸ் தங்கச்சி" என்றார்.

அந்த அலுவலகத்தில் நான் கேட்ட ஒரே சிரிப்பு, யாருடைய ஏச்சுக்கும் பயந்து வராத சிரிப்பு, அந்த மதிய வேளைகளில் கேட்டதுதான்.

தேர்வுக்கு முந்தைய நாள் குழந்தைவேலுவுக்குத் தெரிந்துவிட்டது. அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"யார் கேட்டா உங்கள?"

"யாரும் கேக்கல சார். தேவையா இருந்துச்சு."

"ஊட்டி விடுறீங்க. பெரிய பிள்ளைங்களுக்கு உக்காந்து ஊட்டி விடுறீங்க."

"இடம் காட்டுறது ஊட்டுறது இல்ல சார். திருத்துறது அவங்கதானே?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "நான் கிராணியா இருந்தப்ப வெள்ளைக்காரத் துரைக்கு ரிப்போர்ட் எழுதிக் குடுப்பேன். குறுக்க ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்புவான். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னதில்ல. எங்க தப்பு, என்ன தப்பு, ஒண்ணும் கிடையாது. திரும்ப எழுதுவேன். திரும்பக் கோடு. நான் செத்தா போயிட்டேன்?"

"இல்ல சார்."

"பின்ன? தேடு. கண்ணு எதுக்கு இருக்கு? நாளைக்குப் பழசுதான் ஓடும். எல்லா மெஷின்லயும்."

அந்தத் துரையின் கதையைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று பிறகு ஒருவர் சொன்னார். வரவில்லை. அடிபட்டவர் அடிக்கிறார் என்பது ஒரு விளக்கம். அடி வாங்குகிறவருக்கு அதனால் வலி குறைவதில்லை.

தேர்வு ஒரு சனிக்கிழமை. நிரல் இதுதான்: ஒரு வாரத்தில் ஒவ்வொரு பால்வெட்டுத் தொழிலாளியும் கொண்டுவந்த ரப்பர் பாலின் எடையைக் கூட்ட வேண்டும், மழையால் வெட்டு நடக்காத நாளைத் தனியாகக் காட்ட வேண்டும். சரோஜா மற்றவர்களுக்கு வெகு முன்னதாகவே எழுதி முடித்தாள். கம்பைலரில் போட்டாள். 'பேர் இல்லை.' மேலிருந்து கீழே படித்தாள். மீண்டும் போட்டாள். 'பேர் இல்லை.' ஒவ்வொருவராக மற்றவர்கள் முடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைவேலு பின்னால் வந்து நின்றார்.

"என்ன?"

"தப்பு எங்கன்னு தெரியல சார்."

"தேடு."

"தேடிட்டேன் சார்."

"திரும்பத் தேடு."

சரோஜா நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள். "சார், கோவிச்சுக்காதீங்க. எங்க இருக்குன்னு உங்களுக்காவது தெரியுமா?"

 ரவீந்திரன், ஏற்கெனவே துடைத்திருந்த ஓர் இயந்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எந்திரி" என்றார் குழந்தைவேலு. "அங்க செவத்துப் பக்கம் நில்லு."

அவர் உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கணக்குப் போடும் வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தார். நெற்றியில் வேர்வை வந்தது. தேர்வு எழுதிக்கொண்டிருந்தவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். வெகு நேரம் போனது. கடைசியில், திரும்பிப் பார்க்காமல், வலது கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"அந்த டிஸ்கெட்."

என் கம்பைலர் இருந்த டிஸ்கெட்டை நான் கொடுத்தேன். அந்த நொடியில் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

என் கம்பைலர் ஒரே ஒரு செய்தியையும் ஒரே ஒரு வரி எண்ணையும் சொன்னது. அவர் பின்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு அது தெரிந்தது. சுவரோரம் நின்ற சரோஜாவுக்குத் தெரியவில்லை. அவர் அந்த வரிக்குப் போனார், இரண்டு விசைகளைத் தட்டினார், ஓட விட்டார். நிரல் ஓடியது. எடைகள் வரிசையாக வந்து விழுந்தன. மழை நாள் தனியாக வந்தது.

சரோஜா சுவரைவிட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். "ஓடிருச்சா சார்?"

"ஓடிருச்சு" என்றார். எழுந்து நாற்காலியைச் சரியாக உள்ளே தள்ளினார். "ஆனா என் கை பட்டுருச்சு. செல்லாது."

அவள் முதலில் புரிந்துகொள்ளவில்லை. பிறகு புரிந்தது. அழவில்லை. தப்பு எங்கே இருந்தது என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் அறைக்குப் போய்விட்டார். நான் அவர் பின்னாலேயே போனேன். உள்ளே நான் பேசியதை எழுதினால் மலரை அச்சடிப்பவர்கள் எடுத்துவிடுவார்கள். பேசியதால் பயன் எதுவும் இல்லை. "ரூல் எனக்கும் சேத்துத்தான்" என்றார், அதையே மறுபடியும் சொன்னார். வெளியே வந்தபோது சரோஜாவின் நாற்காலி காலி. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றார் ரவீந்திரன்.

அடுத்த வாரம் குழந்தைவேலு என் கம்பைலரை எல்லா இயந்திரங்களிலும் போடச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, ரவீந்திரனிடம் சொன்னார். அதற்குப் பிறகு பயிற்சிக்கு வந்தவர்கள் யாரும் 'பேர் இல்லை'யைப் பார்த்ததில்லை. சில மாதங்கள் கழித்து, மாற்றங்களை டிஸ்கெட்டில் போட்டு அந்தக் கம்பைலரை எழுதியவர்களுக்கே அனுப்பிவிட்டதாக அலுவலகத்தில் அவரே அறிவித்தார். அவர்களுடைய அடுத்த பதிப்பு வந்தபோது நன்றி சொல்லும் இடத்தில் ஒரு சிரம்பான்காரரின் பெயர் இருந்தது. அது என் பெயர் இல்லை. நான் கேட்கவும் இல்லை. அந்த ஆண்டே வேலையை விட்டு, ஒரு தனியார் கல்லூரியில் கற்பிக்கப் போனேன்.

லோபாக்கில் கூடாரத்துக்கடியில் தலையாட்டியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் திருத்தம் நல்ல திருத்தம். எங்கெங்கோ முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு அது இடம் காட்டிக்கொண்டிருக்கும். அனுப்பாமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அந்தப் பயனும் போயிருக்கும். அனுப்பியவர் அவர். அதை மறுக்க மாட்டேன். அதை எழுதியவர் அவர் இல்லை என்பதை நீங்களும் மறுக்க வேண்டாம்.

சரோஜா சில காலம் களை வெட்டினாள். பிறகு செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். இப்போது அங்கே ஒரு பிரிவு அவள் பொறுப்பில் இருக்கிறது. கணினி வேலை இல்லை.

குழந்தைவேலு அவர்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் மேல் எனக்கிருக்கும் கோபத்தை. பழைய கோபம்தான், ஆனால் நன்றாக இருக்கிறது, கெட்டுப்போகவில்லை. மாணவர் ஒருவர் தாளைத் தப்பு என்று அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகக் கை நீளும்போது அந்தக் கோபம் வந்து என் கையைப் பிடிக்கிறது. எங்கே என்று எழுதிவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறேன். அவர் ஆத்மா சாந்தியடையட்டும் என்று எழுதுவது வழக்கம். அதை மற்றவர்கள் எழுதுவார்கள். தேர்வுக்கு மறுநாள் நடந்ததை நான் எழுதி முடிக்கிறேன், ஏனென்றால் அது என்னையும் சரோஜா வீட்டாரையும் தவிர யாருக்கும் தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பஸ் பிடித்துக் கெமாஸ் போய், அங்கிருந்து தோட்டத்துக்குப் போனேன். சரோஜா லயத்து வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தாள்.

"மிஸ்! வாங்க. டீ கலக்கவா?"

"அப்புறம் கலக்கலாம். அந்தத் தப்பு எங்க இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "எங்க?"

"மேல நீ ஒரு குறிப்பு எழுதியிருந்தியே, படிக்கிறவங்களுக்குப் புரியட்டும்னு. அதத் தொறந்துட்டு மூடல. அதுக்குக் கீழ நீ எழுதினது எல்லாத்தையும் குறிப்புன்னு நினைச்சுத் தாண்டிப் போயிருச்சு. சாரும் கணக்கத்தான் திரும்பத் திரும்பப் படிச்சாரு. குறிப்பப் படிக்கவே இல்ல."

"குறிப்பா? அப்ப கணக்கு?"

"கணக்குல தப்பு இல்ல."

"கூட்டுற எடத்துல?"

"இல்ல."

"மழ நாளுக்குத் தனியா ஒண்ணு போட்டிருந்தேனே, அது?"

"அதுவும் சரி. அவர் குறிப்ப மூடினாரு, ஓடுச்சு. வேற எதையும் தொடல. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: "அம்மா! என் கணக்கு முழுக்க சரியாம்!"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வேல குடுத்துட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்னத்த சரி?"

சரோஜா கம்பியின் முனையைக் கூண்டுக்குள் மடக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, எனக்கு டீ கலக்கப் போனாள்.